அடிவரிசை

மண்வெட்டியின் முதுகு என் வலது கைமேல் இறங்கியபோது கேட்ட சத்தம், காய்ந்த உப்பை மிதித்தால் வரும் சத்தம்தான். மோட்டார் கொட்டகைக்கு வெளியே நீண்டிருக்கும் இரும்புக் குழாய்மேல் கையை ஊன்றியிருந்தேன். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கின. வலி உடனே வரவில்லை, முதலில் ரத்தம்தான் வந்தது. அது குழாயிலிருந்து வழிந்து பாத்தியில் அன்று காலை படிந்த வெள்ளை உப்பில் சொட்டியது. விழுந்த இடத்தில் பரவாமல் பொட்டுப் பொட்டாக நின்றது. இவ்வளவு சுத்தமான உப்பு வீணாகிறதே என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

மண்வெட்டியைப் பிடித்திருந்தவன் என் அண்ணன்.

மரக்காணத்து உப்பளத்தில் அப்பா எடுத்திருந்த குத்தகை எங்கள் இருவருக்கும் பிரிந்தபோது நடுவில் ஒரு வரப்பு வந்தது. மழைக்காலம் முடிந்ததும் சேற்றை மிதித்து வரப்பைப் புதிதாகக் கட்டுவோம். அப்படிக் கட்டும்போது அது ஒரு விரற்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். எப்போதும் தன் பக்கமே நகர்கிறது என்பது அண்ணனின் கட்சி. அன்று காலை அவன் வரப்பை வெட்ட வந்தான். நான் தடுக்கப் போனேன். என் மனைவி பாத்தியில் நின்றிருந்தாள்.

அதன் பிறகு நடந்தவை மூன்று. அண்ணனின் மண்வெட்டி என் கையில் விழுந்தது ஒன்று. என் மனைவி பாத்தித் தண்ணீரை மொண்டு அவன் கண்ணில் வீசியது ஒன்று. உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற, எண்ணெய் போன்ற கசப்புத் தண்ணீர் அது. காலில் வெடிப்பு இருந்து அதில் பட்டாலே உயிர் போகும். உப்பு அள்ளும் இரும்புச் சட்டியால் அவள் அவன் மண்டையில் போட்டது இன்னொன்று. அதில் அவனுக்குத் தையல் போட்டார்கள்.

நான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது போலீஸில் புகார் கொடுத்தவள் மனைவி. முதலில் மண்வெட்டி, புருஷனைக் காப்பாற்றத் தண்ணீர், அவன் திரும்ப ஓங்கியதால் சட்டி. இதுதான் அவள் சொன்ன வரிசை. தண்ணீர்தான் முதலில் வந்தது என்று அண்ணன் சொன்னான். உள்ளே போகாமல் இருக்க எவனும் அப்படித்தான் சொல்வான் என்றார்கள். அவனைப் பிடித்து உள்ளே வைத்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். அவன் நிரந்தரமாக உள்ளே போவதற்கு இனி என் சாட்சி ஒன்றுதான் பாக்கி.

நானும் அதைத்தான் விரும்பினேன். உப்பு லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதுவது என் பிழைப்பு. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று லாரி டிரைவர்களே சொல்வார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எலும்பு சேர விரல்களில் கம்பி குத்தியிருந்த காலத்தில் டைரியின் பக்கங்கள் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெள்ளைப் பக்கத்துக்கும் அண்ணன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நடந்ததை மனைவி தினமும் எனக்குச் சொல்லிக்காட்டுவாள். மண்வெட்டி, தண்ணீர், சட்டி. கேட்டுக் கேட்டு, நானும் அப்படியேதான் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

கம்பியை உருவிய பிறகு விரல்கள் மடங்கவில்லை, உலர்ந்த முருங்கைக்காய் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் ஒவ்வொரு விரலாகப் பிடித்து வளைப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் அண்ணனைத் திட்டுவேன்.

"எழுதிப் பழகுங்க சார். ஆனா தெரிஞ்ச எழுத்து வேணாம். தெரிஞ்சத எழுதுனா கை பழைய ஸ்பீடுக்குப் போவும், வலிக்கும், வுட்ருவீங்க. தெரியாத எதையாவது ஒவ்வொரு கோடா போடுங்க. முஷ்டி முழுசா மூடிடுச்சுன்னா அதுக்கு மேல நீங்க இங்க வர வேணாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கோட்டக்குப்பத்தில் இறங்கி, நான் பாய் என்று கூப்பிடும் நண்பரின் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவர் கடையில் விளையாட்டுச் சாமான், ஹேர் கிளிப், டார்ச் லைட் எல்லாம் மொத்த வியாபாரம். சரக்கெடுக்க அடிக்கடி சீனா போய் வருவார்.

"இன்னாப்பா, கைய கோன் ஐஸ் மாதிரி தூக்கினு வர்ற?"

"எங்க அண்ணன் செஞ்ச சீரு."

"யா அல்லா. எங்க வூட்ல அண்ணன் தம்பி பேச மாட்டோம், அவ்ளோதான். கை வெக்கிறதில்ல."

தெரியாத எழுத்து வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தட்டினார். சீனத்துப் பிள்ளைகள் எழுதிப் பழகும் புத்தகம், அங்கே யாரோ வியாபாரி சரக்கோடு சேர்த்துக் கொடுத்ததாம். பக்கம் முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் குறுக்கிலும் நெடுக்கிலும் புள்ளிக்கோட்டால் நாலாகப் பிரிந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது தெரியும் எங்கள் பாத்திகளே அவை.

எழுத்தின் கோடுகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்று சொல்லித்தரும் ஆப் ஒன்றையும் பாய் என் போனில் ஏற்றிக்கொடுத்தார். திரையில் விரலால் எழுத வேண்டும். வரிசை தப்பினால் போட்ட கோடு சிவந்து, நடுங்கி, மறைந்துவிடும்.

நான் போட்ட முதல் கோடே சிவந்தது, ஏனென்றால் நான் போட்டது பிள்ளையார் சுழி. புதுப் பக்கம் என்றால் என் கை தானாக 'உ' போட்டுவிடும். கடைப் பையன்கள் சேர்ந்து சிரித்தார்கள்.

"உங்க பிள்ளையாருக்கு சீனாக்காரன் விசா குடுக்கல போல," என்றார் பாய்.

முதல் பாடமே 田. வயல் என்று அர்த்தமாம். சதுரம், உள்ளே ஒரு கூட்டல் குறி. இதில் என்ன கஷ்டம் என்று நாலு பக்கமும் கோடு போட்டுச் சதுரத்தை மூடினேன். சிவந்தது. திரும்பப் போட்டேன், மறுபடியும் சிவந்தது. விரல்களுக்குள் ஊசி ஊசியாக ஏறியது. வியர்வை கொட்டியது. நாலாவது தடவை போனைத் தூக்கி மேஜைமேல் அடித்தேன். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது. அந்த விரிசல் இன்றும் இருக்கிறது.

"ஏம்பா, போன்கிட்டயும் தகராறா?" பாய் போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "கதவ மூடிட்டா ஆள எங்கேர்ந்து உள்ள உடுவ? மேல, ரெண்டு பக்கம் போடு. உள்ள குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. அடிக்கோடு கடைசியில."

"சுத்துவரப்பு கட்டாம எவன்யா உள்ள பாத்தி பிரிப்பான்? தண்ணி நிக்குமா?"

"இது உப்பளம் இல்லப்பா."

"சரி, எப்படிப் போட்டா இன்னா? போட்டு முடிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது. எவன் கண்டுபிடிப்பான்?"

பாய் பில் புத்தகத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அந்த எழுத்தை இரண்டு தடவை வேகமாகக் கிறுக்கினார். ஒன்று என் வரிசையில், மற்றது அவர்கள் வரிசையில். பேனா ஒரு கோட்டை முடித்து அடுத்ததற்குத் தாவும்போது மயிரிழை மாதிரி மையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. எதற்குப் பிறகு எது என்பதை அந்த இழை காட்டிக்கொடுத்தது. இரண்டு எழுத்தும் ஒன்றில்லை.

"மெதுவா எழுதுனா மறைச்சிடலாம். வேகமா எழுதுனா மாட்டிக்குவ. நான் அங்க போயி சீட்டு எழுதிக் குடுத்தா, கடைக்காரப் பொண்ணு எழுத்தப் பாத்தே சொல்லிடுது, பாய் ராங்கு வரிசைன்னு."

வீட்டில் அந்த எழுத்தை எழுதி எழுதிப் பழகினேன். அடிப்பக்கம் திறந்தே கிடக்கும் அந்தச் சதுரத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும், தண்ணீர் ஓடிவிடுமே என்று. கட்டுப்படுத்திக்கொண்டு உள்கோடுகளைப் போடுவேன். கடைசியில் மூடுவேன்.

அடுத்த முறை போனபோது பாயிடம் கேட்டேன். "அடிக்கிறதுக்கு எப்படி எழுதுவான்?"

அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதிக் காட்டினார். 打. இடப்பக்கம் மூன்று கோடுகள், அது கை. வலப்பக்கம் இரண்டு, அது பார்க்க ஆணி மாதிரி இருந்தது.

"இது நம்ம 'அடி' மாதிரியேதாம்பா. போன் அடிக்கணும்னாலும் இதான். பம்புல தண்ணி அடிக்கணும்னாலும் இதான். ஆளப் போட்டு அடிக்கணும்னாலும் இதான்."

"குடிக்கிற தண்ணி அடிக்கிறது?"

"அது நம்ம ஊரு ஸ்பெஷல். அங்க கெடையாது."

அந்த எழுத்து எனக்குப் பிடித்துப்போனது. முதலில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. மேலிருந்து இறங்கி அடியில் கொக்கி போடும் கோடு. கீழிருந்து சரிவாக மேலேறும் கீறல். அதோடு கை முடிந்தது. பிறகு ஆணியின் தலை. கடைசியாக ஆணி உள்ளே இறங்கும் கோடு. அதைப் போடும்போது என் மனதில் இறங்கியது அண்ணனின் மண்டைக்குள். பென்சில் முனை ஒடியும்படி அழுத்துவேன். தாள் கிழியும். ஒரு கட்டத்துக்கு ஒரு கொலை என்று பக்கம் பக்கமாகக் கொன்றேன். பென்சிலை அப்படி இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மடங்கத் தொடங்கின. பிசியோதெரபிப் பெண் இன்னா சார் மேஜிக் என்றாள்.

மனைவி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ மந்திரம் மாதிரி இருக்குது. இதுல அவன் நாசமாப் போவான்னா எனக்கும் ஒரு பக்கம் குடு," என்றாள்.

ஒரு நாள் காலை பாத்திக்குப் போனேன். அண்ணன் வரப்பின் அந்தப் பக்கம் உப்பு வாரிக்கொண்டிருந்தான். வாரும் பலகையை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"டேய் நொண்டிக்கை! சாட்சி சொல்லப் போறியாமே. பொண்டாட்டி எழுதிக் குடுத்தத ஒழுங்கா மனப்பாடம் பண்ணிட்டியா?"

அவன் திரும்ப வாரக் குனிந்ததும் இடது கையில் கிடைத்த உப்புக் கட்டியை எடுத்து வீசினேன். தேங்காய் அளவு கட்டி. அவனுக்கு இடப்பக்கமாகப் போனது. அவன் விலகவில்லை, தலையைக்கூடச் சாய்க்கவில்லை. காதோடு சேர்த்துக் கன்னத்தில் பட்ட பிறகுதான் துள்ளினான். ரத்தம் வந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாமல், முதலில் எதிர்ப்பக்கம் திரும்பி, கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் கத்தினான். பிறகு வரப்பில் ஏற வந்தவன் கால் தப்பிச் சேற்றில் முழங்காலிட்டான். அவன் இடது கண்ணின் கருவிழிமேல் பால் மாதிரி ஒரு படலம் இருப்பதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அதே சூட்டோடு 打 எழுத உட்கார்ந்தேன். கை, ஆணியின் தலை, கடைசிக் கோடு. ஆணி இறங்குவதற்கு அண்ணன் முகத்தை எப்போதும்போல மனதில் நிறுத்தினேன். மண்வெட்டியை ஓங்கியிருக்கும் முகம். இத்தனை நாள் இத்தனை தடவை நான் குறிபார்த்த அதே முகம்.

அந்த முகம் நனைந்திருந்தது.

பென்சிலைத் தூக்கிவிட்டுத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாய் கோணியிருந்தது. மண்வெட்டி தலைக்கு மேலே இருந்தது, இன்னும் இறங்கவில்லை. மண்வெட்டி முதல் அடி என்றால் அந்த முகம் ஏன் நனைந்திருக்க வேண்டும்? இன்னொரு கட்டத்தில் எழுதினேன். அதே முகம், அதே தண்ணீர். பாய் பில் புத்தகத்தில் கிறுக்கிக் காட்டிய மயிரிழைதான் இது. மனைவி எவ்வளவு பொறுமையாக எழுதிக்காட்டியிருந்தாலும், அந்த இழை எங்கோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவன் என்னைப் பார்த்து அடிக்கவில்லை. எதையும் பார்க்காமல் வீசினான்.

சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். "தண்ணிதான் முன்னாடி."

அவள் கரண்டியை நிறுத்தினாள். "இன்னா?"

"நீ தண்ணி ஊத்துனப்புறம்தான் அவன் வீசுனான். கண்ணு தெரியாமதான் வீசுனான்."

"அதுக்கு?"

"கோர்ட்ல கேட்டா அப்படித்தான் வரும்."

சோற்றுப் பானை சுவரில் போய் மோதியது. ஆவி பறக்கும் சோறு என் தோளில் தெறித்தது. "யோவ்! ஒன் வெரல் மூணும் போயிக் கெடந்தப்ப, சோறு பெசைஞ்சு ஊட்டி உட்டவ நானு. இப்ப நான்தான் ஆரம்பிச்சவளா? அவன் வந்து வரப்ப வெட்டுனானே, அது எந்தக் கணக்குல வருது? உன்ன நெஞ்சுல கை வெச்சுத் தள்ளுனானே? மொத அடின்னு நீ எங்கேர்ந்துய்யா எண்ணுவ?"

அவள் கேட்டது சரியான கேள்வி.

"அந்தச் சீனாக்காரன் புக்குதானே உனக்குப் புத்தியக் கெடுத்துது," என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்தித் தண்ணீரில் வீசினாள். நான் பின்னால் ஓடினேன். எடுக்கக் குனிந்த என் முதுகில் அவள் குத்தினாள். நான் உதறியதில் அவள் சேற்றில் உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். புத்தகம் ஊறிக் குழைந்துபோயிருந்தது. மறுநாள் வெயிலில் அதன்மேல் உப்புப் பூத்தது.

கோர்ட் திண்டிவனத்தில். மனைவி முன்பே சாட்சி சொல்லிவிட்டாள். நான் கூண்டில் ஏறியபோது அவள் பின்வரிசையில் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் சுவரோரம் நின்றிருந்தான். காதுக்குப் பக்கத்தில் நான் வீசிய கட்டியின் தழும்பு. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனுக்கு இடப்பக்கம் இருந்ததால், முழுதாகத் திரும்பாமல் என்னைப் பார்க்கவும் முடியாது.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். எழுதும்போது செய்வதுபோல ஒவ்வொரு கோடாகச் சொன்னேன். முதலில் அண்ணன் வரப்பை வெட்டினான். நான் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தேன். அவன் என்னை நெஞ்சில் தள்ளினான், நான் குழாய்மேல் கையை ஊன்றினேன். என் மனைவி அவன் கண்ணில் தண்ணீரை வீசினாள். அவன் மண்வெட்டியை வீசினான். அவள் சட்டியால் அடித்தாள்.

அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி எப்ப ஊத்துனாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். மண்வெட்டிக்கு முன்னாடி."

அண்ணனின் வக்கீல் எழுந்தார். "அடிக்கும்போது அவர் கண்ணு எப்படி இருந்துச்சு?"

"மூடியிருந்துச்சுங்க."

"உங்களைக் குறிபார்த்து அடிச்சாரா?"

"எதையும் பாக்கலைங்க."

மனைவி வெளியே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது டீக்கடை ஓரத்தில் வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடிப்பான் என்றும் நினைக்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, ஓங்கிக் கன்னத்தில் விட்டான். என் மூக்குக்கண்ணாடி எகிறி விழுந்தது.

"இவ்ளோ நாள் எங்கடா வெச்சிருந்த இத? நான் உள்ள கெடந்தேன்டா! ஒரு கண்ணு போச்சுடா எனக்கு! இப்ப வந்து நல்லவன் மாதிரி சொல்ற?"

நான் திருப்பி அடித்தேன். யோசித்து அடிக்கவில்லை. அடித்து முடித்த பிறகுதான் எந்தக் கையால் அடித்தேன் என்று பார்த்தேன். வலது கை. மூன்று விரல்களும் உள்ளங்கையைத் தொட்டு மடங்கி, மேலே கட்டைவிரல் பூட்டு மாதிரி இறுகியிருந்தது. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தில் சாய்ந்தான். அவன் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூடுதேடா," என்றான்.

"மூடுது," என்றேன்.

டீக்கடைக்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார். எங்கிருந்தோ என் மனைவி வந்து சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டோம். அவள் அண்ணனிடம் சொம்பை நீட்டினாள். "மூஞ்சக் கழுவு. நல்ல தண்ணிதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப யாரு மொதல்லன்னு இவரு குறிச்சு வெச்சுக்குவாரு. பெரிய கணக்குப்புள்ள."

அவள் எங்களோடு பஸ் ஏறவில்லை, தனியாக வேறு பஸ்ஸில் போனாள். என்னோடு பேச அவளுக்கு அடுத்த மழைக்காலம் வரை ஆனது.

வழக்கில் அண்ணனை விட்டுவிட்டார்கள். மனைவிமேல் அவன் புகார் எதுவும் கொடுக்கவில்லை. நடு வரப்பை அந்த ஆண்டு இருவரும் சேர்ந்துதான் மிதித்துக் கட்டினோம். அவனுடைய இடப்பக்கத்தில் நின்று மிதித்தேன். அந்தப் பக்கம் அவனுக்கு விளிம்பு தெரியாது.

பிசியோதெரபிக்குக் கடைசியாகப் போனபோது அந்தப் பெண் கையை மூடச் சொன்னாள். மூடினேன். விரல் நகம் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சூப்பர் சார். எப்ப மூடுச்சு?"

"கோர்ட்டு வாசல்லங்க," என்றேன்.